வீட்டில் பேசும் தமிழுக்கு அமெரிக்கக் கல்லூரியில் கிரெடிட் கிடைக்குமா?

கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் கோடைக்கு முன்னால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். "நாலு செமஸ்டர் ஃபாரின் லாங்குவேஜ் எடுக்கணுமாம், இவனுக்குத்தான் தமிழ் தெரியுமே, அதைக் காட்டிக் கழிச்சுக்க முடியாதா?" முடியும். சில கல்லூரிகளில் நன்றாகவே முடியும். ஆனால் எதைக் கழிக்கிறோம், யாரிடம் கழிக்கிறோம் என்று தெரியாமல் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, மதிப்பெண் வந்த பிறகு "இதை நாங்கள் ஏற்பதில்லை" என்று பதில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். என் தங்கை மகளே அதில் பாதி மாட்டினாள், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தக் கட்டாயம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கிரெடிட் என்பது முடித்த ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கில் ஏறுகிற அலகு. அமெரிக்காவில் நாலாண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். பி.ஏ. பட்டம் கொடுக்கும் கல்லூரிகள் பலவற்றில் அதற்குள்ளே ஒரு வெளிநாட்டு மொழியும் அடக்கம். சில இடத்தில் இரண்டு செமஸ்டர், சில இடத்தில் நாலு செமஸ்டர் அளவுக்கு. பொறியியல், அறிவியல் பட்டங்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. நாலு செமஸ்டர் மொழிப்பாடம் என்றால் 12 முதல் 16 கிரெடிட் வரை போகும், அதாவது முழு நேர மாணவர் ஒரு செமஸ்டரில் எடுக்கிற மொத்தப் பாடத்துக்குச் சமம். தனியார் கல்லூரியில் ஒரு செமஸ்டர் கட்டணம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

இங்கேதான் எல்லோரும் குழம்புகிற விஷயம் வருகிறது. மொழி தெரியும் என்று காட்டினால் கல்லூரி மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். ஒன்று, விலக்கு: "உனக்கு மொழி தெரியும், இந்தப் பாடம் எடுக்க வேண்டாம்" என்று விட்டுவிடுவார்கள், ஆனால் கிரெடிட் எதுவும் ஏறாது, 120ஐ வேறு பாடங்களால் நிரப்ப வேண்டும். இரண்டாவது, பிளேஸ்மென்ட்: "நீ முதல் வகுப்பில் உட்கார வேண்டாம், நேராக மூன்றாவது செமஸ்டரில் உட்கார்" என்பார்கள். இதிலும் தாண்டிப்போன இரண்டு செமஸ்டருக்குத் தானாகக் கிரெடிட் வராது. மூன்றாவதுதான் உண்மையான கிரெடிட், டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரியின் மதிப்பெண் பதிவில், இத்தனை என்று எண்ணாக ஏறுவது. பள்ளியில் ஸ்பானிஷ் படித்த பிள்ளை கல்லூரியின் பிளேஸ்மென்ட் தேர்வில் நன்றாகச் செய்துவிட்டு, "எனக்கு ரெண்டு செமஸ்டர் கிரெடிட் வந்துடுச்சு" என்று வீட்டில் சொல்லும். வந்திருக்காது. பிள்ளை பொய் சொல்லவில்லை, அந்த வித்தியாசத்தை யாரும் அதற்கு விளக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். தேர்வு நடத்துகிறவர்கள் கிரெடிட் தருவதில்லை. ஏசிஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்கக் கல்வி மன்றம் தன்னிடம் மதிப்பீட்டுக்கு வருகிற தேர்வுகளையும் ஆன்லைன் பாடங்களையும் பார்த்து "இதற்கு இத்தனை கிரெடிட் தரலாம்" என்று பரிந்துரைக்கும், அவ்வளவுதான். விளம்பரத்தில் "ஏசிஇ பரிந்துரை பெற்றது" என்று போட்டிருப்பதைப் பார்த்து எல்லாக் கல்லூரியும் ஏற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. முடிவு நீங்கள் பட்டம் வாங்கப்போகிற கல்லூரியின் கையில் இருக்கிறது, அதனால் ஒரே மதிப்பெண் ஓரிடத்தில் பொன்னாகவும் அடுத்த இடத்தில் வெறும் தாளாகவும் இருக்கும். பள்ளியில் இருக்கும்போதே எழுதுகிற கல்லூரித் தரத் தேர்வு ஏபி. கலிபோர்னியாவில் ஏபி மொழித் தேர்வில் 5க்கு 3 வாங்கினாலே யூசி என்ற கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் 8 குவார்ட்டர் யூனிட் (செமஸ்டர் கணக்கில் சுமார் 5 கிரெடிட்) தருகின்றன. டார்ட்மத் கல்லூரியோ 2018இல் பட்டம் பெறவிருந்த அணியிலிருந்து ஏபி மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது, மேல்வகுப்பில் சேர்க்கவோ விலக்குத் தரவோ மட்டும் அதைப் பயன்படுத்துகிறது. டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அரசுக் கல்லூரிகள் இத்தகைய தேர்வுகளை ஏற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆகவே மாநிலம், கல்லூரி, ஏன், கல்லூரிக்குள் எந்தப் பட்டம் என்பது வரை பார்த்துத்தான் பேச வேண்டும்.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். பள்ளி மாணவர்களுக்குத் தெரிந்தது ஏபி. அதில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பான் மொழி, லத்தீன், அப்புறம் ஸ்பானிஷ் இலக்கியம், இவ்வளவுதான். மே மாதத்தில் நடக்கும், வருஷத்துக்கு ஒரு முறை. கல்லூரி போன பிறகும், வேலைக்குப் போன பிறகும் எழுத முடிகிற தேர்வு கிளெப். 1960களிலிருந்து இருக்கிறது, ஏபியை நடத்துகிற காலேஜ் போர்டுதான் இதையும் நடத்துகிறது, 2,900க்கு மேற்பட்ட கல்லூரிகள் ஏதோ ஒரு வகையில் ஏற்கின்றன. மொழிகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டும். சுமார் ஒன்றரை மணி நேரம், சுமார் 120 கேள்விகள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற வகை. காதில் கேட்டுப் பதில் சொல்வது 40 சதவீதம், படித்துப் பதில் சொல்வது 60 சதவீதம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எழுதவும் வேண்டியதில்லை, ஸ்பானிஷில் மட்டும் எழுத்துப் பகுதியோடு தனியாக இன்னொரு தேர்வு இருக்கிறது. கட்டணம் 100 டாலரை ஒட்டி, தேர்வு மையம் தனியாக ஒரு தொகை வாங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இலவசமாக ஆன்லைன் பாடம் வைத்திருக்கிறது, அதை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரைக் கொடுக்கிறது. இதை நிறையப் பேர் தெரியாமல் கைக்காசைக் கட்டுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கிளெப் மதிப்பெண் 20இலிருந்து 80 வரை. மொழித் தேர்வில் இரண்டு படிகள் உண்டு. 50 வாங்கினால் முதல் படி, ஏசிஇ பரிந்துரை 6 கிரெடிட், அதாவது இரண்டு செமஸ்டர். இரண்டாம் படிக்கு பிரெஞ்சில் 59, ஜெர்மனில் 60, ஸ்பானிஷில் 63 வேண்டும், பரிந்துரை 9 கிரெடிட். என் தங்கை மகள் பள்ளியில் மூன்று வருஷம் ஸ்பானிஷ் படித்தவள், நன்றாகக் கேட்டுப் புரிந்துகொள்வாள். கிளெப் எழுதினாள், 61 வந்தது. வீட்டில் இனிப்பெல்லாம் செய்தோம். அவள் கல்லூரியில் 6 கிரெடிட் ஏற்றிக்கொண்டார்கள், ஆனால் அவள் பட்டத்துக்கு வேண்டியிருந்தது மூன்றாம் செமஸ்டர் அளவு. இரண்டு மதிப்பெண் குறைந்ததில் அந்த ஒரு செமஸ்டர் நின்றுபோனது. மறுபடி எழுதலாம் என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் செமஸ்டர் தொடங்கிவிடும், அந்த நிலை வகுப்பிலோ அதற்கு மேலேயோ பதிந்துவிட்டால் பிறகு கிளெப் கிரெடிட் தரமாட்டோம் என்று அவள் கல்லூரி விதி சொன்னது (பல கல்லூரிகளில் இந்த விதி இருக்கிறது). கடைசியில் வகுப்பிலேயே உட்கார்ந்து முடித்தாள். 63 தேவை என்பது முதல் நாளே தெரிந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் கேட்டல் பயிற்சி செய்துவிட்டுப் போயிருப்பாள். தவறு அவளுடையது இல்லை, கூட இருந்த பெரியவர்கள் நாங்கள் கல்லூரியின் அட்டவணையைப் பார்க்கவில்லை.

இப்போது தமிழ். மேலே சொன்ன பட்டியல்களில் தமிழ் இல்லை, இந்தி இல்லை, தெலுங்கு இல்லை. ஏபியும் கிளெப்பும் தான் வழி என்று நினைக்கிற குடும்பங்கள் அத்தோடு நிறுத்திவிட்டு, பிள்ளையை ஸ்பானிஷ் முதல் வகுப்பில் போட்டுவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் கதவு மூடியிருக்கவில்லை, வேறு பக்கம் இருக்கிறது.

அந்தக் கதவுகளில் முக்கியமானது, மொழி ஆசிரியர்களின் அமெரிக்க அமைப்பான ஆக்ட்ஃபிலின் ஓபிஐ, வாய்மொழி நேர்காணல் தேர்வு. இது தமிழிலும் உண்டு. பயிற்சி பெற்ற தேர்வாளர் ஒருவர் 15 முதல் 30 நிமிடம் வரை பிள்ளையோடு தமிழில் பேசுவார், பதிவாகும், பிறகு தர நிலை கொடுப்பார்கள். ஏசிஇ இதற்கும் கிரெடிட் பரிந்துரை வைத்திருக்கிறது. இன்னொன்று அவான்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் தேர்வு. தமிழுக்கு அதில் எழுதுவதும் பேசுவதும் மட்டும் சோதிக்கப்படும். நியூயார்க் பல்கலைக்கழகம் 50க்கு மேற்பட்ட மொழிகளில் திறன் தேர்வு வைத்திருக்கிறது, 12 புள்ளி, 16 புள்ளி (அத்தனை கிரெடிட் அளவுக்கு) என்று இரண்டு வகை, 16இல் கட்டுரையும் எழுத வேண்டும். மதிப்பெண்ணை உங்கள் கல்லூரிக்கு அனுப்புவார்கள், கிரெடிட் உங்கள் கல்லூரி தர வேண்டும். யூட்டாவில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்திலும் இதுபோல ஒரு தேர்வு ஏற்பாடு வளர்ந்தது. மதப்பணிக்காக வெளிநாடு போய் அந்த ஊர் மொழியோடு திரும்புகிற மாணவர்கள் அங்கே அதிகம், அவர்களை முதல் வகுப்பில் உட்கார வைப்பதில் அர்த்தமில்லை. நம் பிள்ளைகளின் நிலையும் அதுதானே.

ஓபிஐ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்பது இதில்தான் தெரிகிறது. ஆக்ட்ஃபில் அளவுகோலில் ஐந்து நிலைகள். அடியில் சொல், சொற்றொடர் அளவுக்குப் பேசுகிறவர். அதற்கு மேலே இடைநிலை, தனித்தனி வாக்கியமாகப் பேசுகிறவர். அதற்கு மேலே உயர்நிலை, பத்தி அளவுக்குத் தொடர்ச்சியாகச் சொல்லத் தெரிந்தவர். அதையும் தாண்டினால் கருத்தை எடுத்து வாதாடி நிறுத்தத் தெரிந்தவர், அதற்கும் மேலே ஒரு நிலை. தேர்வாளர் முதலில் இலகுவாகப் பேசுவார், பிறகு கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போய்ப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பார், நடுவில் ஒரு சூழ்நிலையைக் கொடுத்து நடித்துப் பேசச் சொல்வார், கடைசியில் மறுபடி இலகுவாக முடிப்பார்.

"ஊருக்குப் போனப்போ நடந்த ஒரு விஷயம் சொல்லுங்க" என்று கேட்டால் இங்கே வளர்ந்த பிள்ளை இப்படிச் சொல்லும்: "போன வருஷம் மதுரை போனோம். பாட்டியைப் பார்த்தோம். நல்லா இருந்துச்சு." உச்சரிப்பு அருமையாக இருக்கும், இலக்கணப் பிழை இருக்காது, கேட்கிற நமக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அது இடைநிலை. உயர்நிலை என்றால் இப்படி வர வேண்டும்: "நாங்க இறங்கினப்போ மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு, கூட்டிட்டுப் போக வர்றேன்னு சொன்ன மாமாவைக் காணோம், போன் பண்ணினாலும் எடுக்கல, அதனால ஆட்டோ பிடிச்சுப் போயிட்டோம், போய்ப் பார்த்தா அவர் எங்களைத் தேடி ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருக்காரு." வித்தியாசம் சொற்களில் இல்லை, கோர்வையில் இருக்கிறது. "-ப்போ", "-னாலும்", "அதனால", "பார்த்தா" என்று ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு போகிற அந்த ஓட்டம் வீட்டில் "சாப்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா" என்ற அளவிலேயே பேசிக்கொண்டிருந்தால் வராது. பிள்ளை பதிலை ஆங்கிலத்தில் சொல்ல, நாம் தமிழில் கேட்க, அப்படி ஓடுகிற வீடுகள் நிறைய. அந்தப் பிள்ளைக்குப் புரிதல் மேலே இருக்கும், பேச்சு கீழே இருக்கும், தேர்வு பேச்சைத்தான் அளக்கிறது.

நல்ல செய்தி, இதைச் சில மாதத்தில் மாற்ற முடியும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க 44 வாரம், 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஸ்பானிஷைவிட அது ரொம்ப அதிகம். நம் பிள்ளையின் காதிலும் நாக்கிலும் அந்த 44 வாரத்தில் பெரும் பகுதி ஏற்கெனவே இருக்கிறது. தினமும் பாட்டியோடு பத்து நிமிடம் போனில் பேசி, அன்றைக்கு நடந்ததை ஒரு கதையாக, முன்னும் பின்னும் இணைத்துச் சொல்லப் பழகினால் போதும். எழுத்துத் தேர்வும் உண்டென்றால் கூடுதலாக ஒன்று: கையால் அழகாக எழுதுகிற பிள்ளை கணினியில் தமிழ் தட்டச்சு செய்யத் தெரியாமல் திணறும். தேர்வுக்கு முன்னால் அதைப் பழக்குங்கள்.

பள்ளியில் இருக்கும்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 'சீல் ஆஃப் பைலிட்டரசி', தமிழில் இருமொழி எழுத்தறிவு முத்திரை என்று சொல்லலாம், கலிபோர்னியா 2011இல் சட்டமாக்கித் தொடங்கி வைத்தது, பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் திறன் காட்டினால் பள்ளிச் சான்றிதழில் முத்திரை. தமிழுக்கும் வாங்கலாம், மேலே சொன்ன தேர்வுகள்தான் பெரும்பாலும் அதற்கும் உதவும். பல மாநிலங்களில் அது மரியாதை மட்டும், ஆனால் மினசோட்டாவில் அரசுக் கல்லூரி அமைப்பு முத்திரையின் தரத்தைப் பொறுத்துக் கிரெடிட்டே தருகிறது, இல்லினாய்ஸ் அரசுக் கல்லூரிகளும் அதை ஏற்று நடக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்பைச் சில பள்ளி மாவட்டங்கள் உயர்நிலைப்பள்ளி கிரெடிட்டாக ஏற்கின்றன. நல்ல விஷயம், ஆனால் அது கல்லூரி கிரெடிட் இல்லை, இரண்டையும் கலந்துவிட வேண்டாம்.

கல்லூரிக்குள்ளேயே தமிழ் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன: பெர்க்லி, பென்சில்வேனியா, சிகாகோ, மிச்சிகன். அங்கே படிக்கிற பிள்ளை நேராகத் தமிழ் ஆசிரியரிடம் போய்த் துறைத் தேர்வு கேட்கலாம். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு அருமையான ஏற்பாடு: மேல்நிலை மொழி வகுப்பு ஒன்றை எடுத்து பி தரமோ அதற்கு மேலோ வாங்கினால், தாண்டி வந்த கீழ் வகுப்புகளுக்கும் பின்னோக்கிக் கிரெடிட் தருகிறார்கள், 16 வரை. முதல் 30 கிரெடிட் முடிவதற்குள் அந்த வகுப்பை எடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அதனால்தான் "மொழியை அப்புறம் பாத்துக்கலாம்" என்று மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளுவது தவறு. இதுபோன்ற பின்னோக்கு கிரெடிட் வேறு பல அரசுப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு, என் கணக்கில் எல்லா வழிகளிலும் இதுவே லாபமானது, ஒரே வகுப்பில் நாலு வகுப்பின் பயன். தாய்மொழியாக வளர்ந்தவர்களுக்குச் சில கல்லூரிகள் கிரெடிட் தராமல் விலக்கு மட்டும் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டில் தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்த மாணவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும்.

ஆன்லைன் பாடங்களில் ஒரு கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரி நடத்தும் ஆன்லைன் வகுப்பு ஒரு பக்கம். அது சாதாரணக் கல்லூரிப் பாடம் போலவே டிரான்ஸ்கிரிப்டில் வரும், கிரேடும் இருக்கும், மாற்றிக்கொள்வது சுலபம். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டாண்டு அரசுக் கல்லூரியில், ஒரு யூனிட் 46 டாலர்தான், கோடையில் ஒரு ஸ்பானிஷ் வகுப்பை அங்கே முடித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போகிற பிள்ளைகள் ஏராளம். மறுபக்கம், மாதச் சந்தா கட்டி நம் வேகத்தில் முடிக்கிற நிறுவனங்களின் பாடங்கள். அவை ஏசிஇ பரிந்துரையை நம்பி நிற்பவை. எக்செல்சியர், தாமஸ் எடிசன், சார்ட்டர் ஓக் என்று பெரியவர்களுக்காக 1970களில் தொடங்கிய மூன்று கல்லூரிகள் இப்படிப்பட்ட கிரெடிட்டைத் தாராளமாக ஏற்பவை. வேலை பார்த்துக்கொண்டே பாதியில் விட்ட பட்டத்தை முடிக்க நினைக்கிறவர்களுக்கு அவை பெரிய வரம். பதினெட்டு வயதுப் பிள்ளை பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகிறதென்றால் அதே பாடம் ஏற்கப்படாமல் போக வாய்ப்பு அதிகம். மொபைல் ஆப்பில் எத்தனை நாள் தொடர்ந்து பயிற்சி செய்தாலும் அதற்குக் கிரெடிட் இல்லை, ஆனால் கிளெப்புக்குத் தயாராக அது உதவும்.

கல்லூரியில் பிள்ளைக்குப் பாடத்தேர்வில் வழிகாட்டுகிற அட்வைசரிடம் வாயால் கேட்டு "ஓகே ஆகும்" என்று வாங்கிக்கொண்டு வராதீர்கள். கிரெடிட் கணக்கை வைத்திருக்கிற ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கும் மொழித் துறைக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல், தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே. அதில் தேர்வின் பெயரையும் மொழியையும் எழுதி, இவற்றைக் கேளுங்கள்: இந்தத் தேர்வில் எந்த மதிப்பெண் அல்லது நிலைக்கு எத்தனை கிரெடிட், அது பட்டத்தின் மொழிக் கட்டாயத்தை முழுதாகக் கழிக்குமா, வீட்டு மொழியாக இருந்தால் விதி மாறுமா, எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும். ஓபிஐ பெயரையே கேள்விப்படாத அலுவலர் இருப்பார், அப்போது தமிழுக்கு வெளித் தேர்வாளர் ஏற்பாடு செய்வீர்களா என்று துறைத் தலைவரிடம் கேட்கலாம், இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பதில் எழுத்தில் வந்ததும் அதை எடுத்து வையுங்கள், பிள்ளை இரண்டாம் ஆண்டு போவதற்குள் அட்வைசர் மாறியிருப்பார்.